மழைக்குத் திறந்த நாடகக் கொட்டகை

காலையில் நகராட்சியிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. புதுப்பித்த பழைய நாடகக் கொட்டகை சும்மா கிடக்கிறதாம், அதை நிரப்பப் பொதுமக்கள் யோசனை சொல்லலாமாம். ஓய்வுபெற்ற என்னையும் பொதுமக்களில் சேர்த்துவிட்டார்கள். படித்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். பாயசத்துக்கு ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்த மனைவி, "என்ன, பூனை கணக்கா சுத்துறீக?" என்றாள். அந்த ஏலக்காய் வாசம்தான் என்னை முப்பது வருஷம் பின்னால் தள்ளியது.

அப்போது நான் அந்த நகராட்சியில் இளநிலை உதவியாளர். சின்னமனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். கொட்டகை என்றதும் கீற்றுக் கொட்டகையை நினைத்துவிடாதீர்கள். கருங்கல் சுவரும் தேக்கு மேடையுமாக, மதுரைக் கம்பெனிகள் மாதக்கணக்கில் தங்கி நாடகம் போட்ட இடம். பிறகு சினிமா ஓடியது. அதுவும் போய், நான் வேலைக்குச் சேர்ந்தபோது உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் உடைந்த குப்பை வண்டிகளும்தான் இருந்தன. இடித்துக் கடை கட்டலாம் என்று பேச்சு. ஆணையருக்கு மட்டும் மனசில்லை. ஒரு வருஷத்துக்குள் கூட்டம் சேர்த்துக் காட்டச் சொல்லிக் கோப்பை என் மேஜையில் வைத்துவிட்டார்.

எனக்கு நாடகமும் தெரியாது, கூட்டமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கோப்பு. காலை பத்தரை மணிக்குப் பட்டிமன்றம் வைத்தேன். பத்தரைக்கு எங்கள் பள்ளத்தாக்கில் யார் சும்மா இருக்கிறார்கள்? எல்லாரும் திராட்சைத் தோட்டத்திலும் வாழைக்காய்க் கடையிலும் நிற்பார்கள். எந்த அணி ஜெயித்தது என்று தெரிந்தவர்கள் ஊரில் எட்டுப் பேர், மைக்செட்காரரையும் சேர்த்து. அடுத்து ஒரு புகைப்படக் கண்காட்சி. அதை ஓர் ஆடு வந்து பார்த்தது.

காவலாளி மொக்கச்சாமி அண்ணன்தான் ஒருநாள் சொன்னார்: "நீங்க கூப்பிடுற நேரத்துல ஊரு வேலைக்குப் போயிருது சார். ஊரு திரும்புற நேரத்துல நீங்க பூட்டிட்டு பஸ் ஏறிடுறீக." சிரித்துவிட்டு ஐந்தேகால் பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மழையில் அந்த பஸ் வரவில்லை; கொட்டகைக்கே திரும்பி வந்து ஒதுங்கி நின்றேன். கம்பம்மெட்டு வழியாகக் கேரள மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஜீப்புகள் கொட்டகை வாசலில்தான் இறக்கிவிடும். அன்று நாலைந்து ஜீப்புகள் ஒன்றாக வந்து நின்றன. அண்ணன் என்னைக் கேட்காமலே கதவை அகலத் திறந்தார். ஈரச் சேலையும் தூக்குவாளியுமாக ஐம்பது அறுபது பேர் உள்ளே வந்தார்கள். பிளீச்சிங் வாடை இருந்த இடம் தெரியவில்லை, எங்கும் ஏலக்காய்.

பேச்சியம்மாள் என்பவள் விளையாட்டாக மேடையேறி யாரையோ கூப்பிட்டாள். மைக் இல்லாமலே கடைசிச் சுவர்வரை கேட்டது. அவளே கொஞ்சம் திகைத்தாள். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக்கொண்டு, அதட்டிக்கொண்டே நடக்கும் கங்காணி அட்டைக்கடியில் துள்ளுவதை நடித்துக் காட்டினாள். இன்னொருத்தி ஜீப் டிரைவரானாள். ஒருத்தி மலையாளத்தில் ஏசுகிற முதலாளியானாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மழை விட்ட பிறகும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமைகளிலும் ஆடினார்கள். கேள்விப்பட்டுக் கடைத்தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள், குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நான்காவது வாரம் ஆணையரே வந்து, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று பார்த்தார். போகும்போது, இதை முறைப்படுத்துங்கள் என்றார்.

முறைப்படுத்துவது எனக்குப் பிடித்த வேலை. ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தேன். ஏழு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். குழுவின் பெயர், பொறுப்பாளர் கையெழுத்து, நாடகத்தின் எழுத்துப் பிரதி எல்லாம் வேண்டும். பேச்சியம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன ஆடப்போறோம்னு மேல ஏறினப்பறந்தான சார் எங்களுக்கே தெரியும்? ஏழு நாளைக்கு முன்னாடி எப்படி எழுதிக் குடுக்கிறது?"

விதி அப்படித்தான் என்றேன். விதியை எழுதியவன் நான்தான் என்று சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். பூட்டியிருந்த கதவை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். படிவத்தைக் கிழித்துப் போட எனக்கு ஒரு நிமிஷம் போதும். போடவில்லை. யாராவது ஒருத்தி நிரப்பிக்கொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். காத்திருக்கும்போதே தேனிக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்த நாலு வாரக் கூட்டத்தைக் கோப்பில் காட்டித்தான் கொட்டகை இடிபடாமல் தப்பியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்று மத்தியானம் பாயசத்தைக்கூட முழுசாகக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனேன். மெத்தை நாற்காலி, குளிர்சாதனம், விசையைத் தட்டினால் விலகும் திரை. உள்ளே ஆள் இல்லை. வாசலில் வண்டிகள் நிற்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். விசாரித்து விசாரித்துப் பேச்சியம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தேன். முழங்கால் வலியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தப் படிவத்தை எழுதியது நான்தான் என்றேன். அது அன்றைக்கே தெரியும் என்றாள். சனிக்கிழமை வாருங்கள், காகிதம் எதுவும் வேண்டாம், நான் பேசித் திறக்கவைக்கிறேன் என்றேன்.

முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"கூட ஆடுனவளுகள்ல பாதிப் பேரு போய்ச் சேந்துட்டாக சார். மிச்சமிருக்கவுக மகன் வீடு, மக வீடுன்னு திருப்பூருப் பக்கம் போயிட்டாக. இப்ப மலைக்கு வடக்கத்திப் பிள்ளைகதான் போகுதுக. சாயங்காலம் அதுகளை எங்கன எறக்கி விடுறாகன்னுகூட எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியவில்லை.