அம்மா பிடித்த நரி

எங்கள் அம்மா நரி பிடித்தவள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கூடவே இருந்து பார்த்தவள் நான்.

அப்பாவும் அவருடைய நண்பர்களும் ஹாம் ரேடியோக்காரர்கள். லைசென்ஸ் வாங்கி, மாடியில் ஏரியல் கட்டி, முகம் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி நரி வேட்டைக்குப் போவார்கள். ஒருவர் முன்னாலேயே போய்ச் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எங்காவது ஒளித்து வைத்துவிடுவார். அது அனுப்புகிற ‘கீ கீ’ சத்தம் எல்லாருடைய ரேடியோவிலும் விட்டுவிட்டுக் கேட்கும். அதுதான் நரி. ஏரியலைத் திருப்பித் திருப்பி, சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பார்த்துப் போய் அதைப் பிடிக்க வேண்டும். ஆண்கள் வேட்டைக்குப் போவார்கள். பெண்கள் வேனில் உட்கார்ந்து புளியோதரையைக் காவல் காப்பார்கள்.

அந்த வருஷம் அம்மாவும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அளக்கிற இரும்பு டேப்பை வெட்டிப் பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, தானே ஓர் ஏரியலும் செய்திருந்தாள். அதைப் பார்த்த அப்பாவின் நண்பர் ஒருவர், “என்ன மதினி, துணி காயப்போடவா?” என்றார். அப்பா ஒரு நிபந்தனையே போட்டுவிட்டார்.

“இந்த ஒரு தடவ வா. நரி கெடைக்கலேன்னா அடுத்த வருசம் பேசாம சாப்பாட்டப் பாத்துக்கிடணும்.”

அம்மா சரியென்று தலையாட்டினாள். 

மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் வேன் நின்றது. பின்னாலேயே ஆண்களின் பைக்குகளும், என்னை ஏற்றிக்கொண்டு அம்மாவின் ஸ்கூட்டரும் வந்து நின்றன. வேட்டை ஆரம்பித்ததும், ரேடியோவில் சத்தத்தை அளக்கிற மீட்டர் எல்லாருக்கும் மலையைக் காட்டியது. நான் முந்தி நீ முந்தி என்று பைக்குகள் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் பறந்தன. அம்மாவின் மீட்டரும் மலையைத்தான் காட்டியது. ஆனால் அவள் ஸ்கூட்டரைக் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி மறுபடி பார்த்தாள். இப்போது வேறொரு முகட்டைக் காட்டியது. இன்னும் தள்ளிப் போனால் இன்னொரு முகடு.

“ஒரு நரி எப்படிட்டி அம்புட்டு எடத்துல இருக்கும்?” என்று என்னிடம் கேட்டாள். சத்தம் மலையில் மோதித் திரும்பி வருகிறது என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஸ்கூட்டரை மலைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

தகரக் கூரை போட்ட, பருத்தி மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியைத் தாண்டியதும் ரேடியோ காதைப் பிளந்தது. அதுவரை நரியை மறைத்துக்கொண்டிருந்தது அந்தத் தகரம்தான். இனி ஏரியல் உதவாது, எந்தப் பக்கம் காட்டினாலும் மீட்டர் நிறைந்து நின்றது. அம்மா அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் மெதுவாகத் தன்னையே சுற்ற ஆரம்பித்தாள். எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் அமுங்குகிறதோ, அப்போது நரி நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, உடம்பு மறைக்கிறது என்று அர்த்தம்.

டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார்.

“ஏம்மா, கெறக்கமா வருதா? சோடா வாங்கியாரட்டா?”

“இல்லண்ணே, நரியத் தேடுதேன்.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார்.

அம்மாவின் முதுகுப் பக்கம் மக்காச்சோளக் காடு. நடுவில் சட்டை மாட்டிய சோளக்காட்டுப் பொம்மை. வரப்பு வழியே போய்ச் சட்டையைத் தூக்கினால், உள்ளே ஒரு டப்பாவில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அம்மா! அத்தனை பேரும் மலைக்கு ஓடியிருக்க, எங்கள் அம்மா!

“ரேடியோல சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு!” என்று குதித்தேன்.

“கண்டுபுடிச்சவ செத்த நேரம் சத்தங்காட்டாம இருக்கணும். அதுதான் ரூல்ஸ்” என்று அம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

ரேடியோவில் வேட்டைக்காரர்களின் சண்டை கேட்டது. “ஏலே, ஓடைக்குள்ள இருக்குன்னியே, எங்கலே?” “இங்க ஃபாரஸ்ட்காரர் வெரட்டுதாரு, மாப்ள!” நடுவில் அப்பாவின் குரல்: “எங்க வீட்டுல எங்கன இருக்கான்னு யாராச்சும் பாத்தியளா?” யாரும் பார்த்திருக்கவில்லை. அம்மா சிரித்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். நான் பொறுக்க முடியாமல் சோளத்தட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் கழித்துத்தான் பித்தானை அழுத்தினாள்.

“நரிய நான் புடிச்சிட்டேன். எல்லாரும் எறங்கி வாங்க.”

 பிறகு வந்து சேர்ந்த அப்பா, அந்த டேப் ஏரியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மலையில் சத்தம் எப்படி மோதித் திரும்பும் என்று எல்லாருக்கும் விளக்கினார். ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. அடுத்த வருஷம் புளியோதரைக்குக் காவல் இருந்தவர் ‘துணி காயப்போடவா’ என்று கேட்ட அந்த நண்பர்.

வளர்ந்து நானும் லைசென்ஸ் வாங்கினேன். முதன்முதலாக நான் நரியைப் பிடித்த அன்று, விதிப்படி அதன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேட்டையை நடத்தியவர் தேடி வந்து சத்தம் போட்டார்.

“கண்டுபுடிச்சா ஒடனே சொல்லணும்லாம்மா? அதுதான ரூல்ஸ்!”

எங்கள் வீட்டில் விடிந்ததிலிருந்து சாவி எங்கே, சாக்ஸ் எங்கே, கண்ணாடி எங்கே என்று எல்லாரும் அம்மாவைத்தான் கூப்பிடுவோம். நானும்தான். அத்தனையையும் அவள்தான் தேடி எடுத்துத் தருவாள். ஊரே தேடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் எதையும் தேட வேண்டியில்லாத நேரம் அந்த வரப்பில்தான் வாய்த்தது. அந்த விதியை அம்மா அங்கேயே, அந்த நிமிஷத்தில், தனக்காக உண்டாக்கியிருக்கிறாள்.