பூட்டானில் இருந்த பத்து நாள்

ரங்கூன் பசுந்தாங் சந்தையில் பழந்துணி மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டுவார்கள். அந்தக் குவியலுக்குள் இருந்து என் தம்பி ஒரு கம்பளிக் கோட்டை உருவி எடுத்தான். சாம்பல் நிறம், இரண்டு பொத்தான் இல்லை. உச்சி வெயிலில், லோஞ்ஜிக் கைலிக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு, இருந்த பொத்தான்களைக் கழுத்து வரை போட்டு, வேர்த்து ஊற்ற நின்று, "எப்படிக்கா இருக்கேன்?" என்றான். "பைத்தியக்காரன் மாதிரி இருக்கே" என்றேன். பக்கத்தில் நின்ற அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தேனிலவு போகிறவர்களை வேறு எப்படிச் சொல்வது? அதுவும் எங்கே, பூட்டானுக்கு!

பூட்டான் அவளுடைய ஆசை. கல்யாணமான சமயத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது, இந்த ஊரில் தெருவுக்குப் போய் ரொட்டி வாங்கி வருவதே பெரிய காரியம். பிறகு அவள் கைபேசியில் அந்த மலைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். சமைக்கும்போது பார்ப்பாள், மின்சாரம் போனால் இருட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். "அங்கே ரோட்டுல யாரும் துப்பாக்கியோட நிக்க மாட்டாங்களாம் அண்ணி" என்று ஒருநாள் சொன்னாள். அழகான மலை என்று சொல்லவில்லை, பனி என்று சொல்லவில்லை. இதைத்தான் சொன்னாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா காலம் தொட்டு குமாஸ்தாக்கள். மிஷன் பள்ளியில் படித்து, அரசாங்க மேசையில் உட்கார்ந்து, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் குறைத்துப் போடுவது எங்களிடையே வழக்கம். "ரெண்டு வயசு குறைச்சா ரெண்டு வருஷ சம்பளம் கூட" என்பார் அப்பா. ஓய்வு பெறும் நாள் தள்ளிப்போகும் அல்லவா? தம்பிக்கும் அப்படித்தான் குறைத்தார். குடும்ப அட்டையில் ஏறியது, பிறகு அடையாள அட்டையிலும் ஏறியது. அவன் அரசாங்க வேலைக்கே போகவில்லை, கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்தான். பதினெட்டு வயதில் ஒருமுறை, "அக்கா, வயசைச் சரி பண்ணிடலாமா?" என்று கேட்டான். நான் கோர்ட் வாசலில் உட்கார்ந்து மனு தட்டச்சு செய்கிறவள். ஒரு மனுவில் முடிந்திருக்கும். "இருக்கட்டும்டா, வயசு குறைஞ்சா கசக்குதா?" என்று சிரித்தேன்.

கட்டாய ராணுவச் சேவை என்று அறிவித்தபோது அவனுக்கு உண்மையில் முப்பத்தாறு முடிந்திருந்தது. ஆண்களுக்கு முப்பத்தைந்து வரை என்றார்கள். நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். அட்டையில் அவன் வயது என்ன என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வீட்டில் அவன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிப் பழகியவர்கள் நாங்கள். அந்த வயதுதான் எங்களுக்கு வயது.

மிங்கலாடோன் விமான நிலையத்தில் உறைத்தது. அவள் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்துவிட்டது. அடுத்து நின்ற இவனுடையதைப் பார்த்த அதிகாரி, "முப்பத்தைந்துதானே ஆகிறது? ராணுவ வயது ஆண்கள் நாட்டை விட்டுப் போக முடியாது" என்றார். அந்தப் பக்கம் போய் நின்றவள், முத்திரையை ரத்து செய்யச் சொல்லி அழுது திரும்பி வந்திருக்கிறாள். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மெல்லிய குரலில், "கண்ணில் படாமல் இரு" என்று மட்டும் சொன்னாராம்.

அட்டைக் கணக்கில் முப்பத்தாறு ஆக இன்னும் ஏழு மாதம். அதுவரை மறைந்திருந்தால் போதும் என்று தம்பி முடிவு செய்தான். பெட்டியோடு அவர்கள் டாக்சியில் ஏறியதைத் தெருவே பார்த்துக் கை அசைத்திருந்தது. இருவரும் வெளிநாட்டில் இருப்பதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நல்லதாயிற்று என்று, பேய்மழை கொட்டிய அன்று சாயங்காலமே, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி என் பின்னறைக்குள் நுழைந்தார்கள். பத்து நாள் இங்கே, பிறகு வேறு இடம் பார்க்கலாம் என்பது பேச்சு.

அந்தப் பத்து நாளைத்தான் நான் நினைத்து நினைத்துச் சாகிறேன். ஜன்னலை மூடி, அதன் மேல் போர்வையைத் தொங்கவிட்டு, செருப்பில்லாமல் நடந்து, இருமல் வந்தால் தலையணைக்குள் இருமி அந்த அறையில் இருந்தார்கள். அவளிடம் பயணத் திட்டத் தாள் இருந்தது. காலையில் நான் மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு கதவைத் தட்டினால் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இன்னைக்கு மலை உச்சி மடத்துக்கு ஏறணும் அண்ணி. இவர் பாதியிலேயே மூச்சு வாங்கிடுவார்." அவன் கட்டிலில் இருந்தபடியே மூச்சு வாங்குவான். "குதிரை வச்சுக்கலாமா?" என்று கெஞ்சுவான். "நடங்க, தொப்பை குறையும்" என்பாள். ஒருநாள் ஆற்றங்கரையில் சாப்பாடு. மேசை விரிப்பைத் தரையில் விரித்து, சோற்றுத் தட்டோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காற்றில்லாத அந்த அறையில் அவன் கோட்டைப் போட்டிருந்தான். அவள் தலை அவன் தோளில்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? கல்யாணம் காட்சி என்று எதுவும் பார்க்காதவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று இரண்டு பேர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, யாராவது படியேறினால் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு, இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தி சாப்பாடு போல ஒளித்து வாங்கிக்கொண்டு இருந்தேன். இப்படி ஏழு மாதமா? என் தம்பி என்ன திருடனா? கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவன் பிறந்த தேதி தெளிவாக இருக்கிறது. உண்மை நம் பக்கம் இருக்கும்போது எழுதிக் கொடுத்தால் போகிறது! வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு இதைச் சொல்லியே சாப்பிட்டவள், எனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டேனா?

தம்பியிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "வேணாம்க்கா. சும்மா இரு. இப்ப நான் ஊர்லயே இல்ல, அதுதான் நல்லது" என்றான். நான் சும்மா இருக்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஏழாம் நாள் போதகரிடம் பதிவேட்டு நகல் வாங்கினேன். அட்டையில் உள்ள பிறந்த தேதி பொய்யானது, எங்கள் தகப்பனார் அறியாமையால் குறைத்துக் கொடுத்தது என்று ஒரு பிழை இல்லாமல் தட்டச்சு செய்தேன். விலாசம் இல்லாமல் மனு செல்லாது. எத்தனை பேருக்கு இதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன்! ஆகவே கீழே, 'தற்சமயம் மனுதாரராகிய அக்காவின் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று எழுதி, எங்கள் வார்டு அலுவலகத்தில் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவர்களுக்கு மீன் குழம்பு வைத்தேன். மனு விஷயத்தைச் சொல்லவில்லை. நல்ல பதில் வந்ததும் காட்டி அசத்தலாம் என்று இருந்தேன்.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு வார்டு ஆட்களும் சிப்பாய்களும் வந்தார்கள். அன்று அவளுடைய பயணத் தாளின்படி ஊர் திரும்பும் நாள். அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். ஒரு கன்னம்தான் முடிந்திருந்தது. வந்தவர்கள் வீட்டைத் தேடவே இல்லை, நேராகப் பின்னறைக்குப் போனார்கள். ஒருவன் கையில் என் மனு இருந்தது. தம்பி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் கூடத் தேவலை. "அவளைப் பார்த்துக்கக்கா" என்றான். அவள் அன்று என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாமே அண்ணி?" அதற்குப் பிறகு ஒரு கடுஞ்சொல் அவள் வாயில் வரவில்லை. அவள் போட்டு வைக்கும் தேநீரைத்தான் இன்றும் குடிக்கிறேன்.

பயிற்சி முகாமிலிருந்து இரண்டு முறை பேசினான். பிறகு எங்கிருந்தோ ஒருமுறை. "மலைக்கு வந்துட்டேன். ரொம்பக் குளிருது" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள், "அழகா இருக்கா?" என்று கேட்டாளாம். அவன், "நீ பார்க்க வேண்டாம்" என்று சொன்னானாம். அதன் பிறகு மூன்று மாதமாக ஒரு தகவலும் இல்லை.

போன வாரம் அட்டைக் கணக்கில் அவனுக்கு முப்பத்தாறு முடிந்தது. பிடித்துக்கொண்டு போனவனை வயது ஏறியது என்று விட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவள், "எழுதுங்க அண்ணி" என்றாள். அட்டையில் உள்ள தேதியே சரியானது, அதன்படி வயது கடந்துவிட்டதால் விடுவிக்கக் கோருகிறோம் என்று எழுதினேன். பிழை விழுந்து மூன்று தாள் வீணாயிற்று.

இருவருமாக வார்டு அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகவே பேசினார். கோப்பை எடுத்து, என் பழைய மனுவையும் புதிய மனுவையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அமா, அன்றைக்கு இந்தத் தேதி பொய் என்று எழுதினீர்கள். இன்றைக்கு இதுதான் உண்மை என்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் கையெழுத்துதான் இருக்கிறது. எது உண்மை?"

பர்மியத்தில் அமா என்றால் அக்கா, அப்படிக் கூப்பிட்டுத்தான் கேட்டார். நாற்பது வருஷமாகக் காகிதத்தை நம்பியவளுக்கு அந்த இரண்டு காகிதத்தையும் நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை.

என் தம்பி மனைவி அவற்றை ஒன்றாக அடுக்கி, அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினாள். "உங்களுக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று பர்மியத்தில் சொன்னாள். "அவரை மட்டும் கொடுத்துவிடுங்கள்."

அவர் கோப்பை மூடிவிட்டு, வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.