கம்மாபுரம் பக்கம் ஒரு சைக்கிள் பயணமும் சிவப்புத் துணி கட்டிய குச்சியும்

உலகத் தமிழ் மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: என் சைக்கிளுக்குப் புது மணி பொருத்தப்பட்டுவிட்டது. விலை எண்பது ரூபாய். அதன் ஓசை நாலு ஊருக்குக் கேட்க வேண்டாமா? அதற்காகவே போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயணம். நெய்வேலி நகரியத்திலிருந்து கம்மாபுரம் பக்கத்தில் இருக்கும் என் வகுப்புத் தோழன் வினோத்தின் ஊருக்கு, பதினாறு கிலோமீட்டர்.

என்னைப் பற்றி: குறும்பில் பர்மனென்ட், படிப்பில் கான்ட்ராக்ட். அப்பா திருநெல்வேலியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்.

காலை 5.10க்குக் கிளம்பி 6.25க்குச் சேர்ந்தேன். வழியில் டீ, பன்னிரண்டு ரூபாய். வினோத்தை அலறவிட ஒரு திட்டம் வைத்திருந்தேன். அந்தப் பகுதியில் யார் வயலிலாவது சிவப்புத் துணி கட்டிய குச்சி நின்றால், சுரங்கத்துக்கு எடுத்துக்கொள்ள நிலம் அளக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி ஒன்றை அவன் வயலில் நட்டுவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வந்தது வினோத் இல்லை, அவன் அம்மா. குச்சியைப் பார்த்ததும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். அங்கே பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கும் சந்தன், பீகாரிலிருந்து வந்த சுரங்கக் கான்ட்ராக்ட் தொழிலாளி, ஷிப்ட் முடிந்து வந்து சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

“நேத்து வரப்புல நின்னுகினு போன்ல என்னடா சொன்ன? அளவுதான சொன்ன?”

“இல்ல அக்கா. அம்மாகிட்ட பேசுனேன். சிக்னல் அங்கதான் வரும்.”

“அம்மாவாம் அம்மா! இந்திக்காரனுக்கு எடம் குடுத்தா நெலத்தையே காட்டிக் குடுப்பான்னு அப்பவே சொன்னாங்க.”

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பாதி வெந்த சோற்றோடு குக்கர் தெருவில் உருண்டது. சந்தனின் பையை வினோத்தே தூக்கி வெளியே வைத்தான். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், “குச்சி நட்டது நான்தான்” என்று கம்பீரமாகச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். நிலத்தைக் கேட்பவர்களிடம் கத்த முடியாது. கை எட்டும் தூரத்தில் சந்தன்தான் இருந்தார். சுரங்கச் சம்பளத்தில் வளர்ந்தவன் நான், கையில் வயல் சேறு வேறு. ஆனால் நான் கிளம்பும் முன் என்னிடம் வினோத்தின் அதே அம்மா, “அவ்ளோ தூரம் மிதிச்சுகினு வந்திருக்க, தண்ணி குடி தம்பி” என்றார்.

போகிறவர்கள் கவனத்துக்கு: லாரி அதிகம், விடியலிலேயே கிளம்புங்கள். பஞ்சர் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும். அடுத்தவர் வயலில் எதையும் நடாதீர்கள்.

இன்னொன்று. மேலே ‘கம்பீரமாகச் சொன்னேன்’ என்று எழுதினேன் அல்லவா? சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஊர் எல்லையில் சந்தன் பையோடு நடந்துகொண்டிருந்தார். அவரைத் தாண்டும்போது புது மணியைக்கூட அடிக்கவில்லை.