அக்கா அனுப்பிய பூட்டிய போன்

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா, தான் பாவித்த போனை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். பனிச்சங்கேணியில் எங்கள் வீட்டில் வைத்து என் சிம்மைப் போட்டேன். இந்த சிம் செல்லாது என்று காட்டியது. மறுநாளே காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன். அங்கே போன் திருத்தும் கடைக்காரர் பார்த்துவிட்டு, பழுதொன்றும் இல்லை, வேறு சிம்மை ஏற்காதபடி அக்காவின் அமெரிக்க சிம் கம்பனி பூட்டி வைத்திருக்கிறது, அவர்கள்தான் திறக்க வேண்டும் என்றார்.

அக்கா அந்தக் கம்பனிக்கு எழுதிக் கேட்டாள். பத்து நாளில் அனுமதி வந்தது. திரும்பக் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனை வைஃபையில் இணைத்து, ஒருதரம் அணைத்துப் போட்டார். திரையின் மேலே என் சிம் கம்பனியின் பெயர் வந்து நின்றது. அவர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. கடலுக்கு அப்பால் யாரோ சரி என்று சொல்ல, என் உள்ளங்கையில் இருந்த பூட்டுத் திறந்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது என்றார் அவர். "எல்லாக் கம்பனியும் ஒரே அலைவரிசையில கதைக்கிறல்ல, தங்கச்சி. இந்தப் போனுக்குச் சிலது கேக்கும், சிலது கேளாது. ஊர்ல சிக்னல் இல்லாட்டி மற்றக் கம்பனி சிம்மைப் போட்டுப் பாருங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. ஊரை நெருங்க நெருங்க சிக்னல் கோடுகள் குறைந்து, வீட்டில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கணவரின் பொத்தான் போனில் வேறு கம்பனி சிம் இருந்தது. அந்தச் சிம்மை வாங்கி, இந்தப் போனுக்கு அளவாக ஓரத்தை வெட்டிப் போட்டேன். கோடுகள் எழுந்தன.

அன்று பின்னேரம் கணவர் கடலோடு சேரும் எங்கள் ஊர்க் களப்பில் வலை வைக்கப் போனபோது நானும் தோணியில் ஏறினேன். நடுக்களப்பில் போன் அடித்தது. வீடியோ அழைப்பு, திரையில் அக்கா. வேலைக்கு வெளிக்கிட்டு நின்றாள், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடந்தது. ஊரைவிட்டுப் போன பிறகு அவள் இந்தத் தண்ணீரைப் பார்த்ததில்லை.

"கையைத் தண்ணிக்குள்ள விடு, பாப்பம்," என்றாள்.

விட்டேன். விரல்களைச் சுற்றித் தண்ணீர் சுழிப்பதை அவள் குனிந்து பார்த்தாள். கணவர் தோணியை நிறுத்த ஊன்றிய கம்பை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். கரைச் சேற்றில் வேரூன்றிய கண்ணா மரங்கள், வானம், தண்ணீர். ஒரு கம்பி இல்லை. இரண்டு கம்பனிகளின் அலைகளும் எங்கள் தலைக்கு மேலால்தான் போய்க்கொண்டிருந்தன. ஒன்று இந்தப் போனுக்குக் கேட்கவில்லை, மற்றது அக்காவைக் கொண்டுவந்து சேர்த்தது. இவ்வளவும் நிறைந்த காற்றைத்தான் இத்தனை நாளும் வெறும் காற்றென்று மூச்சிழுத்திருக்கிறேன்.

வேலைக்கு நேரமாகிறது என்றாள் அக்கா. ஆனால் போனை வைக்கவில்லை. கணவர் வலையை மெல்ல இறக்கத் தொடங்கினார். அதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.