ஓய்வில் விடப்பட்ட காணி

பாரிஸுக்கு வெளியே ஒரு வெங்காயப் பண்ணையில் இரண்டு கோடை வேலை செய்தேன். மூன்றாவது கோடையில், எண்பதுகளின் கடைசி அது, பண்ணைக்காரர் கையை விரித்துவிட்டார். வயலில் பாதியை விதைக்காமல் விடப்போகிறாராம். மண் ஆறட்டும் என்று அரசாங்கமே அதற்குப் பணம் கொடுக்கிறதாம். அப்படி விடும் நிலத்துக்குப் பிரெஞ்சில் 'ஜஷேர்' என்று பெயர்.

பாரிஸின் லா சப்பல் பகுதியில் நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

"விதைக்காமல் இருக்கிறதுக்குக் காசோ? உனக்கு விசரடா!" என்றார் எங்களில் மூத்த அண்ணை.

"அப்ப ஊரிலை என்ரை காணிக்கு எவ்வளவு வரும்? மூண்டு வருசமாச் சும்மாதானே கிடக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மடையன்.

அடுத்த கிழமை என் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. விண்ணப்பத்தை எனக்குப் பிரெஞ்சில் எழுதித் தந்த புதுச்சேரிக்காரரிடம் ஓடினேன். தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கஃபேயில் பகல் முழுக்க இருப்பார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லன்னுட்டாங்கப்பா."

மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னேன். என் நிலத்தை நானே விரும்பி ஓய்வில் விட்டிருக்கிறேனாம். நினைத்த நேரம் திரும்பிப்போய்ப் பயிர் செய்யலாமாம். மேல்முறையீடு செய்ய ஒரு மாதம் இருக்கிறது. அதுவும் தவறினால் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஊருக்குப் போனால் விமான நிலையத்திலேயே இராணுவம் பிடிக்கும், அதற்குப் பிறகு நான் இல்லை.

"ஐயா, நான் எங்கை அப்பிடிச் சொன்னனான்?"

அவர் பழைய நகலைப் புரட்டினார். "காணி தரிசாக் கிடக்குன்னு சொன்னியே. தரிசுக்கு ஜஷேர்னு போட்டேன். அதானப்பா அதுக்கு வார்த்தை?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேசையில் அடித்தேன், கோப்பி சிந்தியது. "கோதாரி! உங்கடை ஒரு சொல்லாலை நான் சாகப்போறன்!" என்று கத்தினேன். கஃபேயே திரும்பிப் பார்த்தது. என் அப்பாவின் வயது அவருக்கு. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அவர் திருப்பிக் கத்தவில்லை. சிந்தியதைத் துடைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"தப்பு என்னுதுதான். இப்ப சரியா எழுதுவோம். மூணு வருஷமா ஏன் பயிர் வைக்கல? அத சொல்லு."

முதல்முறையும் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். அன்று அதற்குப் பதில் சொல்லமாட்டாமல்தான் 'தரிசாக் கிடக்கு' என்று சொல்லித் தப்பினேன். அவரில் என்ன பிழை? அந்தச் சொல்லை அவர் கையில் கொடுத்தவன் நான்.

"தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போன என்ரை தம்பியை ஆமி கிணத்தடியிலை வைச்சுச் சுட்டவங்கள், ஐயா. சுடலைக்குக் கொண்டுபோக விடேல்லை. வெங்காயப் பாத்திக்குள்ளையே தாட்டனாங்கள். அந்த மண்ணை நான் எப்பிடிக் கொத்துறது?"

அவர் எழுதினார். இடையில் நிறுத்தி, தலை நிமிராமல், தம்பியின் பெயரைக் கேட்டார். மூன்று வருடமாக என் வாயில் வராத பெயர். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.