அரைச் சுற்று முன்னதாக

எங்கள் எஸ்டேட் பங்களா உல்லாசப் பயணிகளின் விடுதியான பிறகும், புல் வெட்டும் பழைய சின்ன டிராக்டரை எஸ்டேட் காலத்துத் தோட்டக்காரர்தான் ஓட்டினார். மெலிந்த உடம்பு, காதை மூடிய கம்பளித் தொப்பி. ஸ்டீயரிங் லூஸாகி, அரைச் சுற்றுச் சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்பும். சரிசெய்யச் சொல்லி வருஷக்கணக்கில் கேட்டார்; யாரும் காதில் போடவில்லை. அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்கூட்டியே திருப்பப் பழகிக்கொண்டார்.

முதலாளி வருகிறார் என்றதும் ஹட்டனிலிருந்து மெக்கானிக்கை அழைத்து, ஸ்டீயரிங்கின் தேய்ந்த மூட்டுகளை மாற்றினார்கள். ஓட்டுகிறவரிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் திருப்பினார். டிராக்டர் ரோஜாப் பாத்திக்குள் பாய்ந்தது.

“குடிச்சிட்டு வந்தியா?” என்று கத்தினார் மேனேஜர்.

“குடிச்சிருந்தா நேரா போயிருக்கும் தொர! வண்டிய சரி பண்ணுனீங்களே, என்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? என் கைய யாரு சரி பண்றது?”

அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விடுதிக் கணக்கப்பிள்ளையான நானும் மேனேஜரிடம் சத்தம் போட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

போன வாரம் ஹட்டன் பஸ்ஸில் அந்தத் தோட்டக்காரர் என் பக்கத்து சீட்டில் இருந்தார். அந்தப் பேச்சை எடுத்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னதாக, மடியிலிருந்த கைகள் மெல்லத் திரும்பின. பஸ் அதற்குப் பிறகுதான் திரும்பியது.