மாமா பைப்புத் தண்ணீர் குடித்த நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பைப்புத் தண்ணீர் குடிக்காதவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. இலை வெட்டும் மெஷினைப் பிடித்தால் சரிவில் அவருக்கு ஈடு கிடையாது. வேலையிலும் பேச்சிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் புல்லுக்கு அடிக்கும் மருந்தை எங்கள் வீட்டுப் பைப்பில் கங்காணி கலக்கிறார், அதுவும் தன்னைத் தீர்த்துக்கட்டத்தான் என்று நம்பினார். பாவம் கங்காணி, வாயில்லாப் பூச்சி. நாங்கள் குடிக்கிறோமே என்று அம்மா கேட்டால், அது மெல்லக் கொல்லும் மருந்து என்பார்.

அம்மாவைத் திருத்த முடியாதென்று விட்டுவிட்டு, என்னைக் காப்பாற்றும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். தினமும் காட்டோடைக்குப் போய் இரண்டு டின்னில் தண்ணீர் கொண்டுவருவார். பின்னாலேயே நானும் போவேன்.

அந்த மழைக்காலத்தில் கோலா தெர்லா ஊரில் மாமாவுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் விஷயம் தெரிந்து வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கூட்டாளிகளும் கேலி செய்து ஒதுங்கினார்கள். மாமா சவரம் செய்வதை விட்டார், வேலைக்குப் போவதை விட்டார், சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். சோம்பல் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்துவந்து, சமையலறைப் பைப்பைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்தார்.

"தம்பி தெளிஞ்சிட்டான் லா!" என்று பக்கத்து வீட்டு அக்கா கை தட்டினார். அம்மா பாயாசத்துக்குச் சேமியா வறுக்கத் தொடங்கினாள்.

மாமா இரண்டாவது டம்ளரோடு பின்வாசல் படியில் உட்கார்ந்தார். எனக்கும் ஆசை வந்து கையை நீட்டினேன். டம்ளரை எட்டாமல் தூக்கிக்கொண்டார்.

"நீ குடிக்காத பாப்பா. உனக்கு டின்னுல இருக்கு."

எனக்குக் கோபமான கோபம். நேராக அம்மாவிடம் போய், "மாமா அவரு மட்டும் பைப்புத் தண்ணி குடிக்கிறாரு, என்னைக் குடிக்கக் கூடாதுங்கிறாரு" என்று கோள் சொன்னேன்.

அம்மா அடுப்பைக்கூட அணைக்கவில்லை. ஓடிப்போய் டம்ளரைப் பிடுங்கி, அவர் முகத்தைக் கைகளில் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, சாகணும்னு தோணுதாடா?"

"ஆமாக்கா, முடியலக்கா" என்று அவள் தோளில் சாய்ந்து அழுதார். மாமா அழுது நான் பார்த்ததேயில்லை. சேமியா கருகிப்போனது. பக்கத்து வீட்டு வேனில் அவரைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பாயாசமும் போய், மாமாவும் போய், நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

சில வாரங்கள் கழித்து மெலிந்து திரும்பினார். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓடைத் தண்ணி இல்லையாக்கா?" என்றார். மறுநாள் காலையில் டின்களைத் தூக்கிக்கொண்டு மேடேறினார்.

"இன்னும் தெளியலையே" என்று பக்கத்து வீட்டு அக்கா உச்சுக்கொட்டினார். லயமே வருத்தப்பட்டது. அம்மா மட்டும் வாசலில் நின்று, அவர் போவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உள்ளே வந்து மறுபடியும் சேமியா வறுத்தாள். மாமாவுக்குத்தான் குணமாகவில்லையே, எதற்குப் பாயாசம் என்று எனக்கு அன்று புரியவில்லை.